இடம் சொல்லாதவர்கள்

நானாமகி, இவாதே
1987 அக்டோபர் 6

தம்பி இசாமுவுக்கு,

அண்ணி கினுயோ எழுதுகிறேன். பருவத்தை விசாரித்துவிட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். இன்று அதற்குப் பொறுமை இல்லை.

உங்கள் அண்ணன் இன்னும் வீடு திரும்பவில்லை. நேற்று போனில் அழுதுகொண்டே சொன்னது உங்களுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது, அதனால் மறுபடி சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பொழுது விடியும் முன்பே கூடையை மாட்டிக்கொண்டு மட்சுதாகே காளானுக்குக் கிளம்பினார். வாசலில் வைத்துக் கேட்டேன்.

"எங்க போறீங்க?"

"ஹினோகி மேட்டுக்கு."

"தனியாவா? அந்தப் பக்கம் கரடி வந்துச்சுன்னு சொல்றாங்களே."

"வந்தா வரட்டும். உன்னைவிடக் கம்மியாத்தான் கேள்வி கேக்கும்."

சிரித்துக்கொண்டே பூட்ஸ் கயிற்றைக் கட்டினார். இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தியதற்கு எனக்கு மிஞ்சிய கடைசிப் பேச்சு அதுதான்.

கரடி விலகிப் போவதற்காகக் கட்டிக்கொள்ளும் மணி ஆணியிலேயே தொங்குகிறது. ஏன் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தங்க விலைக்குப் போகிற மட்சுதாகே முளைக்கிற நாட்களில் இந்த ஊர் ஆண்களுக்குக் கரடியைவிட அடுத்த வீட்டுக்காரன்மேல்தான் பயம். மணிச்சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்து காளான் முளைக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவானே.

ஹினோகி மேடு என்று அவர் சொன்னால், ஹினோகி மேட்டைத் தவிர வேறு எங்கு வேண்டுமானாலும் போயிருக்கிறார் என்று அர்த்தம். இது எனக்குத் தெரியும். தேட வந்திருக்கும் தீயணைப்புப் படை ஆட்களுக்கும் தெரியும், ஏனென்றால் அவர்களும் தங்கள் பெண்டாட்டிகளிடம் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போகிறார்கள். படைத் தலைவர் ஒனொதெராவிடம் சொல்லிப் பார்த்தேன். "சொன்ன எடத்துலதான் முதல்ல தேடணும் தங்கச்சி. இல்லேன்னா இவ்வளவு பெரிய காட்டுல எங்கேன்னு தேடுறது?" என்றார். தேடுகிற அழகையும் கேளுங்கள். ஒருவர் சொல்கிறார், "அந்தச் சரிவை நான் பாத்துக்கறேன், நீங்க யாரும் வராதீங்க." இன்னொருவர், "ஓடைக்கு அந்தப் பக்கம் எனக்கு விட்டுடுங்க." அவரவர் காளான் இடத்துக்கு அவரவர் காவல். அதற்கு நடுவில் என் புருஷனையும் தேடுகிறார்களாம்.

நீங்கள் நேற்று என்ன செய்தீர்கள்? "அண்ணி, பக்கத்துல யாரு இருக்கா?" என்று கேட்டீர்கள். "தேடிட்டு வந்தவங்க சாப்பிட்டுட்டு இருக்காங்க" என்றேன். "அப்ப போன்ல சொல்ல முடியாது. எழுதறேன்" என்று வைத்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரியில் கிடக்கிறீர்கள், தையல் பிரிக்கவில்லை, நகோயாவிலிருந்து ஓடி வர முடியாது. அதெல்லாம் சரி. ஆபரேஷன் வயிற்றில்தானே செய்தார்கள்? வாயில் இல்லையே?

அந்த இடம் உங்களுக்குத் தெரியும். மாமனார் சொல்லியிருக்கிறார். உங்கள் அண்ணன் காட்டில் எங்கோ உயிரோடு கிடக்கிறார் இசாமு. சொல்லுங்கள்.

கினுயோ

*

நகோயா
அக்டோபர் 8

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

மலைகளில் இலைகள் சிவக்கும் பருவம் வந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் நலமா? இந்த நிலைமையில் இப்படிக் கேட்பது பொருத்தமில்லைதான். வேறு எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கடிதம் மிகக் கடுமையாக இருந்தது. நான் இரக்கமில்லாதவன் என்று நினைத்துவிட்டீர்கள். போனில் நான் ஒரு வார்த்தை சொல்லி, அதை நீங்கள் திருப்பிச் சொல்லியிருந்தால், அங்கே சோற்று உருண்டை தின்றுகொண்டிருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்திருக்கும். நாளைக்கு அண்ணன் திரும்பி வந்து, "யாருடா சொன்னது?" என்று கேட்டால் நான் எந்த முகத்தோடு பதில் சொல்வேன்?

அப்பா சாகும் தறுவாயில் எங்கள் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "டேய் இசாமு, இது உனக்கும் உங்கண்ணனுக்கும் மட்டும். வீட்டுக்கு வந்த பொண்ணுங்ககிட்ட மூச்சு விடாதே. இன்னிக்கு நம்ம வீட்ல இருப்பா, நாளைக்கு அவ பொறந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லிடுவா. அண்ணன் இருக்கற வரைக்கும் நீ அங்க கால் வைக்கக் கூடாது. அவனுக்கு அப்புறம்தான் நீ." நான் சத்தியம் செய்தேன். அன்றிலிருந்து அந்தப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. அதை இன்று உங்களுக்காக உடைக்கிறேன்.

வராபி கணவாயைத் தாண்டினால் இரண்டாகப் பிளந்த பெரிய பாறை ஒன்று வரும். அங்கே இடது கைப் பக்கம் திரும்பி, ஓடையை ஒட்டியே மேலே ஏறுங்கள். செம்பைன் மரங்கள் அடர்ந்த சரிவு இருக்கும். அதுதான் இடம்.

படை ஆட்களை அழைத்துப் போக வேண்டாம். உங்கள் பிறந்த வீட்டு அண்ணன் கென்ஸோவையும் வேண்டாம். நீங்கள் மட்டும் போங்கள். கரடி இருக்கிறது என்கிறீர்கள், அதனால் கணவாய் வரைக்கும் மணியைக் கட்டிக்கொள்ளுங்கள். கணவாய் தாண்டியதும் கழற்றிவிடுங்கள். கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

அண்ணன் கிடைத்ததும் எனக்கு முதலில் தகவல் சொல்லுங்கள்.

இசாமு

*

நானாமகி
அக்டோபர் 13

இசாமுவுக்கு,

கடிதத்தை அடுப்பில் போடவில்லை. கூடத்தில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படித்தேன். "வீட்டுக்கு வந்த பொண்ணுங்க" என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் படித்தேன். ஒனொதெரா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கரடி திரிகிற காட்டுக்குள் ஒரு பொம்பளை தனியாகப் போக வேண்டும், பாதி வழியில் மணியையும் கழற்றிவிட வேண்டும். இப்படி ஒரு யோசனையை எழுத எப்படி மனம் வந்தது உங்களுக்கு? நான் திரும்பி வராவிட்டால் யாருக்குக் கடிதம் எழுதி இடம் கேட்பார்கள்? என்னைத் தேடவும் தபாலுக்காகக் காத்திருப்பார்களா?

படை அன்று வேறு பக்கம் போவதாக இருந்தது. உங்கள் கடிதத்தை நம்பி அதை விட்டுவிட்டு எல்லோரும் வராபி கணவாய்க்குத் திரும்பினார்கள். பிளந்த பாறை இருக்கிறது. இடது கைப் பக்கம் ஓடையும் இருக்கிறது. மழையில் வழுக்கி வழுக்கி ஏறினோம். கென்ஸோ அண்ணன் இரண்டு முறை விழுந்தார். மேலே போனால் ஒரே தேவதாரு. கண்ணுக்கு எட்டிய வரை அதுதான். ஒரு பைன் கூட இல்லை, வெட்டிய அடிமரம் கூட இல்லை. ஒனொதெரா மரத்தைக் கையால் தட்டிவிட்டுச் சொன்னார், "தங்கச்சி, இந்த மரத்தடியில மட்சுதாகே வந்துச்சுன்னா என் தலையில கொம்பு முளைக்கும். இங்க பைன் இருந்துச்சுன்னு எங்கப்பா கூடச் சொன்னதில்ல." அவர் கேலி செய்யவில்லை. அவருக்கும் அழுகை வந்தது என்றுதான் நினைக்கிறேன். அவரும் உங்கள் அண்ணனும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள்.

மறுநாளும் அங்கேயே தேடினோம். ஒருவேளை இன்னும் மேலே இருக்குமோ என்று. மூன்றாம் நாள் படை கலைந்துவிட்டது. அறுப்பு நேரம், அவர்களுக்கும் வயல் இருக்கிறது.

இந்த நிலைமையிலும் பொய்யா இசாமு? கூடப் பிறந்தவன் செத்தாலும் காளான் பத்திரமாக இருக்க வேண்டுமா? உங்களை என்ன ஜென்மம் என்று சொல்வது?

கினுயோ

*

நகோயா
அக்டோபர் 16

அண்ணி,

நான் பொய் சொல்லவில்லை. சொல்லவில்லை. சொல்லவில்லை.

பிளந்த பாறை இன்னொன்று இருக்க வேண்டும். நீங்கள் பார்த்தது சிறியதாக இருக்கும். அல்லது ஒனொதெரா வேண்டுமென்றே வேறு பக்கம் கூட்டிப் போயிருப்பார், பிறகு தனியாக வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று. அவரை நம்பாதீர்கள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

எழுத எழுத வேறொன்று ஞாபகம் வந்தது. நேற்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். நர்ஸ் வந்து காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அண்ணன் எனக்கு ஒரு பெட்டி காளான் அனுப்புவார். மேலே பைன் இலை பரப்பி, "உன் பங்கு" என்று எழுதியிருப்பார். பிரிக்கும்போதே மணம் வீடு முழுக்க வரும். அக்கம்பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்வேன், இது எங்கள் குடும்ப இடத்தில் முளைத்தது, எங்கே என்று உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும் என்று. மூன்று வருடத்துக்கு முன் போனில் நன்றி சொல்லும்போது, பெருமைக்காகவே கேட்டேன். "என்ன அண்ணே, பிளந்த பாறைப் பக்கம் இந்த வருஷம் நல்லா வந்திருக்கா?" அண்ணன் சிரித்தார். "ஆமாண்டா. பிளந்த பாறைப் பக்கம் நல்லாத்தான் வந்திருக்கு" என்றார்.

அந்தச் சிரிப்பு இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு பொய் சொல்லியிருக்கிறார். ஊரைவிட்டுப் போனவன், இவனை நம்ப முடியாது என்று நினைத்திருப்பார். நான் போய்ப் பார்த்துவிடக் கூடாது என்றுதான் சத்தியமும் வாங்கியிருக்கிறார். நானும் வாக்குத் தவறாதவன் என்று மார்தட்டிக்கொண்டு, இத்தனை வருடம் போகாமலே இருந்தேன். வேறு ஊரில் இருந்தாலும் அப்பா என்னை ஒதுக்கவில்லை என்பதற்கு எனக்கு இருந்த ஒரே ஆதாரம் அதுதான் அண்ணி.

உங்களுக்கு என் துக்கம் பெரிதாகத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அண்ணனைப் பற்றி ஏதாவது தெரிந்ததா?

இசாமு

*

நானாமகி
அக்டோபர் 27

இசாமுவுக்கு,

உங்கள் அண்ணன் கிடைத்துவிட்டார். நேற்று எரித்தோம்.

கண்டுபிடித்தது நம் ஊர்க்காரர்கள் இல்லை. மொரியோகாவிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்க வருவார்களே, அந்த நடைக்குழுப் பெண்கள். கலர் கலராகச் சட்டை, கழுத்தில் ஊதல், முதுகில் மணி, வழி முழுக்கப் பாட்டு. பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பெட்டி இருக்கிறது, எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று எழுதிப் போட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். உங்கள் அண்ணன் அவர்களைப் பார்த்தாலே, "மாட்டு மந்தை போகுது பாரு" என்பார். அவர்களில் ஒருத்தியின் தொப்பி காற்றில் பறந்து சரிவில் விழுந்ததாம். அதை எடுக்கக்கூட அவர்கள் தனியாக இறங்குவதில்லை. இரண்டு பேர் போயிருக்கிறார்கள். ஓடைக்கு அந்தக் கரையில் உங்கள் அண்ணன் கழுத்தில் கட்டியிருந்த மஞ்சள் துண்டு தெரிந்திருக்கிறது.

கரடி ஒன்றும் செய்யவில்லை. வழுக்கி விழுந்து கால் முறிந்திருக்கிறது. விழுந்தது அங்கே இல்லை, மேலே. பாதைக்குச் சற்றுக் கீழே செம்பைன்கள் நிற்கிற இடத்தில். அவருடைய ஒரு பூட்ஸும், காலைக் கட்டுவதற்குச் சட்டையிலிருந்து கிழித்த துணியும் அங்கேதான் கிடந்தன. அங்கிருந்து பாதைக்கு எவ்வளவு தூரம் தெரியுமா? நம் வீட்டு வாசலிலிருந்து கிணற்றடி வரைக்கும். வாய்விட்டுக் கூப்பிட்டால் போதும்.

ஆனால் அவர் பாதைப் பக்கம் ஊரவில்லை. எதிர்ப்பக்கம் ஊர்ந்திருக்கிறார். முறிந்த காலை இழுத்துக்கொண்டு கீழே, கீழே, ஓடையையும் தாண்டி. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. ஒனொதெராவுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. நான் உலுக்கிக் கேட்டதும்தான் சொன்னார்.

"கூடையைப் பெரணிக்குள்ள மறைச்சு வச்சிருக்கான் தங்கச்சி. காளான் முளைச்ச எடத்துல எல்லாம் பைன் இலையை அள்ளிப் போட்டு மூடியிருக்கான், கையாலயே. இங்கேர்ந்து கூப்பிட்டா வர்றவங்க இடத்தைப் பாத்துடுவாங்கல்ல. தள்ளிப் போய்க் கூப்பிடலாம்னு போயிருக்கான்."

தள்ளிப் போய்க் கூப்பிடலாம் என்று. அங்கே ஓடைச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

நடைக்குழுத் தலைவி ஹாகா என்று ஒரு பெண். அவர் விழுந்த அதே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தச் செம்பைன்களுக்கு மேலே பாதை வளைவில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஒரே ஒரு சத்தம் கேட்டிருந்தா ஓடிப் போயிருப்போமே அக்கா" என்றாள். அவருக்கு அவர்கள் பாட்டுக் கேட்டிருக்கும் இசாமு. நிச்சயம் கேட்டிருக்கும். மாட்டு மந்தை போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டு காத்திருந்திருப்பார். அவரை எனக்குத் தெரியும்.

எத்தனை நாள் உயிரோடு இருந்தார் என்று டாக்டரைக் கேட்டேன். சொல்ல மாட்டேன் என்கிறார். சொல்ல மாட்டேன் என்பதிலேயே தெரிந்துவிட்டது. உங்கள் கடிதம் வந்த அன்று படை போக இருந்தது அந்தப் பக்கம்தான்.

தூக்கிக்கொண்டு அந்தச் செம்பைன்களைத் தாண்டும்போது ஒனொதெரா ஆட்களை அதட்டினார், "எவனும் கீழ பாக்கக் கூடாது, பிணத்தை மட்டும் பாத்து நடங்கடா." எல்லோரும் கழுத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்கள். வீட்டு வாசலில் வைத்து என்னிடம் தலை குனிந்தார். "நாங்க எதையும் பாக்கலை தங்கச்சி. அந்த இடம் இனி உன்னோடது." ஹாகாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எதைப் பாக்கலைன்னு சொல்றீங்க?" என்று எல்லோரையும் கேட்டாள். இந்த ஊரில் ஒருவருக்கொருவர் செய்யும் ஆகப் பெரிய மரியாதை பார்க்காமல் இருப்பதுதான் என்று அவளுக்கு எப்படி விளக்குவது?

என்னால் அழ முடியவில்லை. கோபம்தான் வருகிறது. செத்தவர்மேல் இவ்வளவு கோபம் வரலாமா என்று புத்த பிக்குவிடம் கேட்டேன். டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அவரும் காளான் பறிக்கப் போகிறவர்.

கினுயோ

*

நகோயா
நவம்பர் 2

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

முதல் பனி விழும் நாட்கள் நெருங்குகின்றன. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஆறுதல் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. படையைத் திருப்பிவிட்டது என் கடிதம்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என்னை அப்படி எழுத வைத்தது யார் என்பதையும் நீங்கள் யோசிக்க வேண்டும். நானும் ஏமாற்றப்பட்டவன்.

அண்ணன் செய்ததைப் பைத்தியக்காரத்தனம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அப்பாவுக்குக் கொடுத்த வாக்கைக் கடைசி மூச்சு வரை காப்பாற்றியிருக்கிறார். நானாக இருந்தாலும் அப்படித்தான் ஊர்ந்திருப்பேனோ என்னவோ. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நாற்பத்தொன்பதாம் நாள் பூசைக்கு வந்துவிடுவேன், டாக்டர் சரி என்றுவிட்டார். அதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும். எழுதவே கூச்சமாக இருக்கிறது. எந்தப் பாதை? எந்த வளைவு? உங்கள் கடிதத்தில் திரும்பத் திரும்பத் தேடினேன், நீங்கள் குறிப்பிடவில்லை. சுற்றுப்பக்கத்தில் நடைக்குழுக்காரர்கள் போகும் பாதைகள் நான்கைந்து இருக்கின்றன.

ஆசையால் கேட்கவில்லை. அங்கே போய் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட வேண்டும். அதோடு, அப்பா என்னிடம் மறைத்ததை ஒரு முறையாவது கண்ணால் பார்க்க வேண்டும். நீங்கள் தனி ஆள், அந்தச் சரிவில் ஏறி இறங்க உங்களால் முடியாது. வருடா வருடம் நானே வந்து பறித்து, உங்களுக்கு வேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன். ஊர்க்காரர்கள் இப்போதைக்குக் கழுத்தைத் திருப்பிக்கொண்டார்கள், சரி. அடுத்த வருடமும் திருப்பிக்கொள்வார்கள் என்று என்ன நிச்சயம்?

என்னிடம் மட்டும் சொல்லுங்கள். என் பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல மாட்டேன்.

இசாமு

*

நானாமகி
நவம்பர் 6

இசாமு அவர்களுக்கு,

நீங்கள் கேட்ட இடம்: கராசு முகட்டுப் பாதை. மூன்றாவது வளைவு. பாதை ஓரத்தில் நின்று கீழே பார்த்தால் ஏழெட்டுச் செம்பைன் மரங்கள் தெரியும். அவற்றின் அடியில்தான். கல் வழுக்கும், கையை ஊன்றிக்கொண்டு இறங்க வேண்டும். போகிறவர்கள் துணையோடு போகட்டும். எங்கே போகிறோம் என்று வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டுப் போகட்டும்.

அந்த இடம் என்னுடையது என்று ஊர் சொல்லிவிட்டது. என்னுடையதை நான் இப்படிச் செய்கிறேன்.

உறைக்குள் போடாமல் தபால் அட்டையில் எழுதியிருக்கிறேன். எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று பார்க்கிறீர்களா? நம் ஊர் தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிற குடோவுக்குப் போன வாரம் மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது. அவர் சிரமப்படக் கூடாது.

கினுயோ